பலூன் செய்த மாம்மன் மாப்பிள்ளை

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகியாறு கள்ளக்குறிச்சியை ஒட்டி ஓடுகிறது. கருணாபுரம் முதலிய அதன் கரைப்பகுதிகளில் திருவிழா நடைபெறும்பொழுது சிறுவர் கூட்டம் முதலில் சூழ்ந்துகொள்வது பலூன் விற்பவரைத்தான். நீண்ட கழியின் உச்சியில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பலூன்கள் காற்றில் அசையும். தந்தையின் விரலைப் பிடித்து இழுத்து ஒன்றை வாங்கிக்கொண்ட குழந்தைக்கு அதன்பின் தேரும் கண்ணிற்படாது, வாணவேடிக்கையும் கண்ணிற்படாது. வாங்கிய பலூன் வீடு சேர்வதற்குள் வெடித்துவிடுவதும் உண்டு. அத்துணைச் சிறிய, அத்துணை நிலையற்ற பொருள் அது. அதனைச் செய்து விற்பதையே தம் வாழ்வின் முதல் தொழிலாகக் கொண்டு, பின்னர் இந்தியாவின் பெருந்தொழில் முதல்வர்களுள் ஒருவராக உயர்ந்தவர் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை.

இவர் 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பிறந்தார். கோட்டயத்தில் கண்டத்தில் குடும்பம் என்பது புகழ்பெற்ற சிரியக் கிறித்தவக் குடும்பம். இவருடைய தந்தையார் கே. சி. மாம்மன் மாப்பிள்ளை, மலையாள மனோரமா இதழின் ஆசிரியர். அவ்விதழை 1888ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் வாயிலாக நடத்தியவர் கண்டத்தில் வர்கீசு மாப்பிள்ளை. அவருக்குப்பின் 1904ஆம் ஆண்டில் ஆசிரியப் பொறுப்பினை ஏற்ற கே. சி. மாம்மன் மாப்பிள்ளை, அதனை நாளிதழாக வளர்த்தார். அதனோடு வங்கித் தொழிலிலும் ஈடுபட்டார். அவர் நடத்திய திருவிதாங்கூர் நேஷனல் வங்கி, 1937ஆம் ஆண்டில் கொல்லம் வங்கியுடன் இணைந்து, நாட்டின் பெரிய வங்கிகளுள் ஒன்றாயிற்று. பிள்ளைகள் பலர் பிறந்த அந்த வீட்டில், செல்வமும் கல்வியும் செல்வாக்கும் ஒருங்கே நிறைந்திருந்தன. மாம்மன் மாப்பிள்ளை அந்த வீட்டின் இளைய மகன்.

ஆனால் அந்த நிறைவு நெடுநாள் நிலைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி வேண்டி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு தோன்றிய திருவிதாங்கூர் அரசுக் காங்கிரசு அக்கிளர்ச்சியை நடத்திற்று. மனோரமா மக்கள் பக்கம் நின்று எழுதியது. அப்பொழுது அங்கே திவானாக இருந்தவர் சர் சி. பி. இராமசாமி ஐயர். அவருடைய சினம் இதழின்மேலும் இதழாசிரியரின்மேலும் பாய்ந்தது. அவ்வாண்டு சூன் திங்களில் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. செப்டம்பரில் மனோரமா அச்சகம் பூட்டி முத்திரையிடப்பட்டது. அக்டோபரில் கே. சி. மாம்மன் மாப்பிள்ளை கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் விடுதலை பெற்றது 1941ஆம் ஆண்டில்.

வங்கி வீழ்ந்ததற்குக் காரணம் யாது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரசின் பகையே காரணம் என்று குடும்பத்தாரும் நண்பர்களும் கருதினர். வங்கியின் நடைமுறையிலேயே குறைகள் இருந்தன என்று அரசு சார்பினர் கூறினர். ஒன்றுமட்டும் உறுதி. பணம் போட்டிருந்தவர் பலர் துன்புற்றனர். குடும்பத்தின் நற்பெயர் நீதிமன்றப் படிக்கட்டில் நின்றது. செல்வத்தை இழந்தவன் மீண்டும் ஈட்டலாம். நம்பிப் பணம் கொடுத்தவர்களின் முன்னே தலைகுனிய நேர்ந்தவனுக்கு அது எளிதன்று. தந்தை சிறையில் இருக்க, இதழ் நின்றுபோக, வங்கி மூடப்பட, இளைய மகன் பதினாறு வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் நகரின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்தின் காட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்திருந்தது. மாம்மன் மாப்பிள்ளை பயின்றது அக்கல்லூரியிலேதான். வசதியுடன் விடுதியில் தங்கிப் பயில வேண்டியவர், புனித தாமசு விடுதியில் வெறுந்தரையில் படுத்துறங்கிப் பட்டம் பெற்றார். வறுமையில் பிறந்தவர்க்குத் தரை புதிதன்று. மெத்தையில் வளர்ந்தவருக்கு அது ஒரு பாடம். அந்தப் பாடத்தை அவர் முகஞ்சுளிக்காமல் கற்றார் என்றே அவர் பின்னாளில் செய்த செயல்கள் காட்டுகின்றன.

பட்டம் பெற்றவர்க்கு அந்நாளில் திறந்திருந்த வழி அரசு அலுவல் ஒன்றே. மாம்மன் மாப்பிள்ளை அவ்வழியை நாடவில்லை. திருமணம் செய்துகொண்டு, மனைவியார் குஞ்சம்மாவுடன் சென்னையிலேயே தங்கினார். 1946ஆம் ஆண்டு, வடசென்னையில் உள்ள திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். திருவொற்றியூர், தியாகராசர் கோயிலாலும் பட்டினத்தாரின் அடக்கவிடத்தாலும் பெயர் பெற்ற ஊர். கடல்வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய பட்டினத்தார் அதனைத் துறந்து வந்தடைந்த கடற்கரையில், செல்வத்தை இழந்த குடும்பத்தின் பிள்ளை கையில் ஒன்றுமின்றித் தொழில் தொடங்கினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பலூன் செய்வது எளிய தொழில் என்று பலர் எண்ணுவர். அது மூலதனம் குறைந்த தொழிலேயன்றி எளிய தொழிலன்று. இரப்பர் மரத்தின் பட்டையைச் சாய்வாகக் கீறினால் வெண்மையான பால் வடியும். அப்பாலை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். ஆகவே அமோனியா கலந்து அதனைக் காப்பர். பின்பு அதனுடன் கந்தகமும் வேறு சில வேதிப்பொருள்களும் நிறப்பொடியும் சேர்ப்பர். பலூனின் வடிவில் அமைந்த அச்சுகளை முதலில் பாலைத் திரட்டும் உப்புக் கரைசலில் தோய்த்து, அதன்பின் இரப்பர்ப் பாலில் தோய்த்து எடுப்பர். அச்சின்மீது மெல்லிய தோல் போன்ற படலம் படியும். அதன் வாயை விரலால் உருட்டி வளையமாக்குவர். நீரில் அலசி, சூட்டில் உலர்த்துவர். சூட்டினால் கந்தகம் இரப்பரோடு பிணைந்து, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் உறுதியை அதற்கு அளிக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லசு குட்இயர் கண்டறிந்த உண்மை இது. இறுதியில் ஒட்டிக்கொள்ளாதிருக்க மாப்பொடி தூவி, அச்சிலிருந்து உரித்தெடுப்பர்.

பால் சற்றுக் கெட்டியாக இருந்தால் படலம் தடித்துவிடும். குழந்தை ஊதினால் பலூன் பெருக்காது. நீர்த்திருந்தால் படலம் மெலிந்துவிடும். ஊதிய கணத்தில் வெடிக்கும். காற்றுக்குமிழி ஒன்று பாலில் தங்கிவிட்டால் ஊசிமுனையளவு துளை விழும். சூடு மிகுந்தால் இரப்பர் மொரமொரப்பாகும், குறைந்தால் பிசுபிசுக்கும். இத்தனையும் சென்னையின் வெயிலிலும் கடற்காற்றின் ஈரத்திலும் ஓலைக்கொட்டகைபோன்ற ஓரிடத்தில் நிகழவேண்டும். மாம்மன் மாப்பிள்ளையும் குஞ்சம்மாவும் தம் கைகளாலேயே இவ்வேலையைச் செய்தனர். பட்டப்படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. கெட்டுப்போன பலூன்களே ஆசிரியராக இருந்தன.

செய்தவற்றை விற்பதும் அவருடைய வேலையே. பலூன்களைப் பையில் திணித்துக்கொண்டு சென்னைத் தெருக்களில் கடைகடையாக ஏறி இறங்கினார். நாளிதழ் ஆசிரியரின் மகன், வங்கித் தலைவரின் மகன், தோளில் பையுடன் பொம்மைக் கடைக்காரர் முன் நின்று அரையணாக் கணக்குப் பேசுவது, அக்காலச் சமூகத்தின் கண்ணுக்குச் சிறப்பாகத் தோன்றியிராது. உறவினர் சிலர் வருந்தியிருக்கவும் கூடும். ஆயினும் அந்தத் தெருக்களிலேதான் அவர் வாணிகத்தின் அகரத்தைக் கற்றார். எந்த நிறம் விரைவில் விலைபோகிறது, எந்தக் கடைக்காரர் தவணை தவறாமல் கொடுக்கிறார், திருவிழாக்காலத்தில் எத்தனை தேவைப்படும், மழைக்காலத்தில் எத்தனை தேங்கும் என்பவற்றை ஏட்டில் அன்றிக் காலால் நடந்து அறிந்தார்.

1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. திவான் ஆட்சி நீங்கியது. அவ்வாண்டே மனோரமா மீண்டும் வெளிவரத் தொடங்கியது. குடும்பத்தில் மற்றையோர் இதழ்ப்பணிக்குத் திரும்பினர். இளைய மகனும் பையைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. பலூன் தொழில் அவருக்கு இடுக்கண் காலத்து ஒதுங்கிடமாக மட்டும் இருந்திருப்பின், அவர் வரலாறு இவ்விடத்திலேயே முடிந்திருக்கும்.

1949ஆம் ஆண்டில் தொழில் சற்று விரிந்தது. சென்னைத் தம்புச்செட்டித் தெருவில் ஓர் அலுவலகம் அமைந்தது. துறைமுகத்தின் அருகே வணிகர் நெருங்கி வாழும் தெரு அது. பலூனோடு இரப்பர்ப் பொம்மைகளும் கையுறைகளும் செய்யப்பட்டன. இரப்பர்ப் பொம்மை செய்யும் முறை பலூன் முறையினின்று வேறுபட்டது. பலூனில் அச்சு உள்ளே இருக்கும். இரப்பர் வெளியே படியும். பொம்மையில் அச்சு வெளியே இருக்கும். இரப்பர் உள்ளே படியும். பொம்மையின் வடிவம் குழிவாகச் செதுக்கப்பெற்ற சுண்ண அச்சில் இரப்பர்ப் பாலை ஊற்றி வைப்பர். சுண்ணம் நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரை ஒட்டி இரப்பர்ப் படலம் திரளும். வேண்டிய தடிப்பு வந்ததும் எஞ்சிய பாலைக் கொட்டிவிட்டு உலர்த்தினால், உள்ளே வெறுமையாக, அமுக்கினால் அமுங்கி மீளும் பொம்மை கிடைக்கும். கண்ணும் மூக்கும் மயிரிழையும் கூட அச்சில் உள்ளபடியே அதில் பதிந்திருக்கும்.

தமிழ்நாட்டிற்குப் பொம்மை புதிதன்று. தஞ்சாவூரின் தலையாட்டிப் பொம்மையும், மரப்பாச்சியும், மண் சொப்பும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் கைகளில் இருந்தவை. கள்ளக்குறிச்சிப் பகுதித் தச்சர்கள் மரத்தில் இறைவடிவங்களைச் செதுக்குவதில் வல்லவர். அவர்களுடைய மரச்சிற்பத்திற்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இவையெல்லாம் ஒவ்வொன்றும் ஒரு கைவினைஞரின் விரலால் உருப்பெறுபவை. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அதுவே அவற்றின் அழகு. தொழிற்சாலைப் பொம்மையோ ஓர் அச்சிலிருந்து ஆயிரம் பிறக்கும். எண்ணிக்கை மிகும், விலை குறையும், ஏழைக் குழந்தைக்கும் எட்டும். அவ்வாறு எட்டியதனால் கைவினைஞரின் வருவாய் குறைந்தது என்பதும் உண்மையே. ஒன்றைப் பெறும்பொழுது மற்றொன்று நழுவுவது தொழில் வரலாற்றில் எங்கும் காணப்படுவதாகும்.

1952ஆம் ஆண்டு மாம்மன் மாப்பிள்ளையின் வாழ்வில் திருப்பம் நிகழ்ந்தது. பேருந்து, லாரி ஆகியவற்றின் டயர்கள் தேய்ந்தபின் அவற்றை எறிந்துவிடுவதில்லை. தேய்ந்த மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் புதிய இரப்பர்ப் பட்டையை ஒட்டி, அச்சிலிட்டுச் சூடேற்றினால் டயர் மறுபிறவி எடுக்கும். அவ்வாறு ஒட்டும் பட்டை இரப்பரை அந்நாளில் வெளிநாட்டு நிறுவனங்களே வழங்கிவந்தன. இரப்பர் விளையும் மரமோ கோட்டயத்தைச் சுற்றி நிற்கிறது. அதனைப் பயன்படுத்தும் வண்டியோ சென்னைச் சாலையில் ஓடுகிறது. இடையிலே பொருளைச் செய்து விலை வைப்பவர் மட்டும் அயல்நாட்டார். இது மாம்மன் மாப்பிள்ளையின் உள்ளத்தை உறுத்தியது. பலூனில் ஈட்டிய பணத்தைப் பட்டை இரப்பர்த் தொழிலில் இட்டார்.

துணிவு மிக்க செயல் அது. பலூன் வெடித்தால் ஒரு குழந்தை அழும், அவ்வளவே. பட்டை பிரிந்தால் ஐம்பது பேர் அமர்ந்த பேருந்து கவிழும். ஆயினும் இரப்பரின் இயல்பை ஆறாண்டுக் காலம் விரலால் தொட்டு அறிந்தவருக்கு, கந்தகத்தின் அளவும் சூட்டின் அளவும் புதிய பாடங்களல்ல. பொருள் நன்றாக இருந்தது. விலையும் ஏற்றதாக இருந்தது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் இந்தியாவில் விற்கப்பெற்ற பட்டை இரப்பரில் ஏறத்தாழப் பாதி திருவொற்றியூரிலிருந்து வந்தது. போட்டியிட இயலாத வெளிநாட்டு நிறுவனங்கள் அத்துறையினின்று விலகின. முதியவரான தந்தை 1953ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். மகனின் கொட்டகை தொழிற்சாலையாகத் தொடங்கியதை அவர் கண்டிருந்தார்.

பட்டையிலிருந்து டயருக்கு ஓரடி தூரமே என்று தோன்றும். உண்மையில் அது பெருந்தூரம். டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் ஆகிய உலகப் பெரு நிறுவனங்களின் கையில் இந்திய டயர்ச் சந்தை இருந்தது. சென்னை மாநிலத்தில் அப்பொழுது காமராசர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்துகொண்டிருந்த காலம். 1960ஆம் ஆண்டில் மாம்மன் மாப்பிள்ளையின் தொழில், சென்னை இரப்பர்த் தொழிற்சாலை என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயருடன் நிறுவனமாகப் பதிவாயிற்று. அப்பெயரின் முதலெழுத்துகளே எம்.ஆர்.எஃப். மறுஆண்டு அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த மேன்சுபீல்டு டயர் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் டயர் உற்பத்திக்கு அடிகோலப்பட்டது.

தொடக்கத்தில் தோல்வியே கிட்டியது. அமெரிக்காவின் சீரான சாலைகளுக்காக வகுக்கப்பெற்ற டயர், இந்தியச் சாலையின் பள்ளத்தையும் வெயிலையும் மிகையான சுமையையும் தாங்கவில்லை. குறை கூறியோர் பலர். வாங்கிவந்த அறிவு அப்படியே பயன்படாது என்பதை உணர்ந்து, இந்தியச் சாலைக்கு ஏற்ற கலவையைத் தாமே ஆராய்ந்து காணும் முயற்சியை நிறுவனம் மேற்கொண்டது. கெட்டுப்போன பலூன்களிடம் பாடம் கேட்டவர், கெட்டுப்போன டயர்களிடமும் கேட்டார் என்று கொள்ளலாம். 1967ஆம் ஆண்டில், டயர்த் தொழிலின் தாயகமாகக் கருதப்பெற்ற அமெரிக்காவிற்கே இந்திய டயரை ஏற்றுமதி செய்யும் நிலை வந்தது.

டயருக்கும் குழந்தை விளையாட்டிற்கும் உள்ள உறவு மாம்மன் மாப்பிள்ளையிடம் தொடங்கியதன்று. இரப்பர்ப் பலூனை முதன்முதல் செய்தவர் இங்கிலாந்தின் அறிவியலறிஞர் மைக்கேல் ஃபாரடே. 1824ஆம் ஆண்டில் நீர்வளியை அடைத்து ஆராய்வதற்காக அவர் அதனைச் செய்தார். சோதனைச்சாலையில் பிறந்த அப்பொருள் விரைவில் குழந்தைகளின் கைக்குச் சென்றுவிட்டது. காற்றடைத்த டயரோ இதற்கு மாறான வழியில் வந்தது. பெல்ஃபாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தம் சிறு மகன் ஓட்டும் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் அதிராமல் ஓடவேண்டும் என்று இரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே உலகின் லாரிகளெல்லாம் இன்றும் ஒரு குழந்தையின் விளையாட்டு வண்டிக்கே கடன்பட்டிருக்கின்றன.

1964ஆம் ஆண்டில் நிறுவனத்தின் விளம்பரத்திற்காக ஓர் உருவம் படைக்கப்பெற்றது. இரு கைகளாலும் டயரைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் வலியவன் அவன். விளம்பரக்கலை வல்லுநர் அலீக் பதம்சி அதனை வகுத்தார். டயரில் எதை விரும்புகிறீர்கள் என்று லாரி ஓட்டுநர்களைக் கேட்டறிந்து, உறுதியே வேண்டும் என்ற அவர்களின் விடையிலிருந்து அவ்வுருவம் பிறந்தது. நெடுஞ்சாலை ஓரத்துப் பலகைகளில் அவனைக் காணாத ஊர் அரிதாயிற்று. அதே 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மற்றொரு வலியவன் பிறந்தான். அவன் உண்மையாகவே பொம்மை. இருவரும் பிற்காலத்தில் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்வர் என்று அப்பொழுது எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

அந்தப் பொம்மையின் பெயர் ஜி. ஐ. ஜோ. அதனைச் செய்த ஹாஸ்ப்ரோ நிறுவனமும் எளிமையில் தோன்றியதே. ஹாசன்ஃபெல்டு என்னும் உடன்பிறப்புகள் 1923ஆம் ஆண்டில் துணி வெட்டுத்துண்டுகளை விற்கத் தொடங்கி, பின்பு எழுதுகோற் பெட்டி செய்து, அதன்பின் பொம்மைத் தொழிலுக்கு வந்தனர். அந்நாளில் பொம்மை என்றால் பெண் குழந்தைக்கே உரியது என்னும் எண்ணம் அமெரிக்காவில் வலுத்திருந்தது. சிறுவர் பொம்மையுடன் விளையாட நாணினர். ஆகவே, கைகால் மூட்டுகள் எல்லாம் மடங்கும், ஏறத்தாழ 30 செ.மீ. உயரமுள்ள போர்வீரன் உருவத்தைச் செய்து, அதனைப் பொம்மை என்று அழையாமல் ஆக்‌ஷன் ஃபிகர் என்று புதுப்பெயரிட்டு விற்றனர். பெயர் மாறியதும் நாணம் போயிற்று. மனித மனத்தின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

1982ஆம் ஆண்டில் அவ்வீரன் புதிய வடிவில் வந்தான். உயரம் 10 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு, உள்ளங்கையில் அடங்குவான். ஒருவன் அல்லன், பெயரும் தொழிலும் கருவியும் வெவ்வேறான பலர் அடங்கிய படை. அவனுடைய உடலமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மார்பும் இடுப்பும் கால்களும் தனித்தனி நெகிழித் துண்டுகள். அவற்றைப் பிணைத்து நிறுத்துவது உள்ளே மறைந்திருக்கும் சிறிய இரப்பர் வளையம் ஒன்றே. அந்த வளையம் நீண்டு சுருங்குவதால்தான் வீரன் இடுப்பைத் திருப்பவும், அமரவும், மண்டியிடவும் முடிகிறது. வெளியே தெரியும் வலிமையெல்லாம் அந்த வளையத்தின் தயவு.

இந்தியாவில் 1980களில் அயல்நாட்டுப் பொம்மைகள் எளிதிற் கிடைக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிகுந்திருந்தன. வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் கொண்டுவந்தால் உண்டு. இல்லையேல் படத்தில் பார்த்து மகிழ வேண்டியதே. 1987ஆம் ஆண்டில் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோ நிறுவனமும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் என்னும் பொம்மை நிறுவனத்தைத் தொடங்கின. விளையாட்டும் பள்ளியும் ஒன்றாகும் பெயர் அது. டயர்த் தொழிலில் முன்னணியில் நின்ற ஒரு நிறுவனம் பொம்மைத் தொழிலில் இறங்குவதைக் கண்டு வியந்தவர் உண்டு. திருவொற்றியூர்க் கொட்டகையை அறிந்தவர்க்கு அதில் வியப்பில்லை. அறுபத்தைந்து வயதை நெருங்கிய மாம்மன் மாப்பிள்ளை, இருபத்துமூன்று வயதில் கையில் எடுத்த பொருளுக்கே மீண்டும் வந்திருந்தார்.

கோவாவில் அமைந்த தொழிற்சாலையில் ஜி. ஐ. ஜோ வீரர்கள் வார்க்கப்பட்டனர். எஃகு அச்சுக்குள் உருகிய நெகிழியை அழுத்திச் செலுத்தினால் கையும் காலும் தலையும் தனித்தனியே உருவாகும். அவற்றிற்கு வண்ணமிட்டு, இரப்பர் வளையத்தைப் பூட்டி, முதுகில் திருகாணி முடுக்கினால் வீரன் எழுந்து நிற்பான். அச்சுகள் அமெரிக்க அச்சுகளே. வண்ணங்களோ பலவிடத்தில் மாறின. அமெரிக்காவில் மங்கிய பச்சையில் வந்த வீரன் இந்தியாவில் பளிச்சென்ற மஞ்சளிலோ நீலத்திலோ வருவதுண்டு. அந்த வேறுபாட்டினாலேயே அயல்நாட்டுத் தொகுப்பாளர் பலர் இந்திய வீரர்களைத் தேடி வாங்குகின்றனர்.

இவ்வீரர்களை எண்ணி வடிவமைத்தவர் மாம்மன் மாப்பிள்ளை அல்லர். அப்பெருமை அமெரிக்கக் கலைஞர்களுக்கு உரியது. அயல்நாட்டில் தோன்றிய ஒன்றை இந்நாட்டுத் தொழிலாளர் கையால் செய்வித்து, இந்நாட்டுக் கடைகளில் நிறைத்த தொழிலமைப்பே அவருடையது. பலூனைப் போல அவ்வீரர்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவை நடுத்தரக் குடும்பத்துப் பிறந்தநாள் பரிசுகள். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் ஒன்று வாங்கித் தருவதாகப் பெற்றோர் சொல்ல, கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எந்த வீரனைத் தேர்வது என்று மாதக்கணக்கில் ஆராய்ந்த சிறுவர் பலர். கண்ணாடிக்கு வெளியே நின்றதோடு முடிந்துபோனவர் அவர்களினும் பலர்.

அதே 1987ஆம் ஆண்டில் விரைவுப் பந்துவீச்சாளரைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஒன்றும் அவருடைய நிறுவனத்தால் சென்னையில் தோற்றுவிக்கப்பெற்றது. ஆஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி அதில் பயிற்சியளித்தார். கோட்டயம், அரக்கோணம், கோவா முதலிய இடங்களில் டயர் ஆலைகள் பெருகின. மேன்சுபீல்டு நிறுவனத்துடன் இருந்த உறவு 1979ஆம் ஆண்டிலேயே முடிந்திருந்தது. நடுவணரசு அவருக்குப் பத்மசிறீ விருதினை வழங்கியது. இவற்றையெல்லாம் விரித்துரைக்கும் நூல்கள் பிற உள.

2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் சென்னையில் மாம்மன் மாப்பிள்ளை மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது எண்பது. ஃபன்ஸ்கூல் நிறுவனத்தின் மற்றொரு தொழிற்சாலை பிற்காலத்தில் இராணிப்பேட்டையில் எழுந்து, தமிழ்நாட்டிலிருந்தும் பொம்மைகள் செல்கின்றன. முதல் வீரர்களோடு விளையாடிய சிறுவர்கள் இன்று நடுவயதினர். அவர்களுட் சிலர் அவ்வீரர்களைப் பேழையில் இட்டுக் காத்துவருகின்றனர். ஆண்டுகள் கழிந்ததும் உள்ளிருக்கும் இரப்பர் வளையம் இற்றுப்போய், வீரனின் கால்கள் தனியே கழன்றுவிடும். அப்பொழுது முதுகின் திருகாணியைக் கழற்றி, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் புதிய வளையம் ஒன்றை உள்ளே மாட்டி மீண்டும் முடுக்குகின்றனர். வீரன் நிமிர்ந்து நிற்கிறான்.